மூன்று மணிச் சாம்பல்

சலவைக்காரிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அவள் வாளியைக் கீழே வைக்கிற சத்தமே சொல்லிவிடும். அன்று மூன்றேகால் மணிக்கு அவள் மொட்டை மாடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா சன்னலைச் சாத்திக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நாற்பத்திரண்டு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியுடையவை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சலவைச் சோடா போட்டு வேகவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, தோள்பட்டை கழல மாடிக்குத் தூக்கி வந்து கொடியில் போட்டவை. இன்னும் அரைமணி நேரம் கிடைத்திருந்தால் மடித்திருப்பாள். அதற்குள் சாம்பல் விழுந்துவிட்டது. சலித்த மாவு மாதிரி மெல்லிசு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலால் தடவினால் நறநறக்கும். உதறினால் போகாது, உதற உதறத் துணிக்குள் இறங்கும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் தாங்காமல் ஒரு விரிப்பை உருவிப் படாரென்று உதறினாள்.

"நாசமாப் போறவனுங்க! எரிக்கிறதை எரிக்கிறீங்க, மூடிக்கிட்டு எரிக்கத் தெரியாதா?"

அவள் திட்டியது மேற்கே அரை மைல் தள்ளி நின்ற புகைபோக்கியை. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையம் அது. குடியிருப்பில் எல்லோருக்கும் அது பிளாண்ட்டு. அங்கே எடுக்கிற மின்சாரம் கோபுரக் கம்பங்களில் ஏறி எண்பது மைல் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போய்விடும். சாம்பலுக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பில்லை. கோடைக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் இங்கேயே இறங்கிவிடும்.

கீழே பாப்பா இருமுகிற சத்தம் கேட்டது. சலவைக்காரி விரிப்பை அப்படியே போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. மூன்று மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். இரண்டு கோடையாக மூச்சிரைப்பு. சுவரோரம் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மருந்தைப் பனியாக்கி ஊதுகிற மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. முகமூடியும் நீளக் குழாயுமாக இருப்பதால் பாப்பா அதற்கு யானை என்று பெயர் வைத்திருந்தாள். அம்மா யானையை மாட்டிவிட்டு, பத்து நிமிடம் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போன மாதம் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். "இன்னொரு கோடை இப்படியே போச்சுன்னா நுரையீரல் மறுபடி பழையபடி ஆகாதும்மா. மருந்து நான் தரலாம். காத்தை நான் தர முடியாது."

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாம்பலைப் பிடிக்கிற வேலைதான் அவள் புருஷனுக்கு. புகைபோக்கிக்கு முன்னால் நாலு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே வரிசையாகத் தகடுகள். அவற்றில் மின்சாரம் பாயும்போது புகையிலிருக்கும் சாம்பல் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல் தட்டிக் கீழே கொட்டும். அந்தப் பெட்டியைப் பேனலில் உட்கார்ந்து ஓட்டுபவர் அவர். அதனால் ஊரில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர். டீக்கடையில் யாராவது சாம்பலைப் பற்றிப் புலம்பினால் மெல்லக் கனைத்துக்கொண்டு சொல்லுவார்: "நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது என் பெட்டியிலயே நின்னுடும். இது லாரியில கொண்டுபோற சாம்பல், தார்ப்பாய் போடாம போறானுங்க." சலவைக்காரியும் இரண்டு வருடமாக லாரிக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துணி மூட்டையோடு அவள் நகரத்துக்குப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸின் இரும்புக் கம்பியைத் தொட முடியவில்லை. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்குக்குள் காலை வைத்ததும் அவளுக்கு உடம்பு உதறியது. அங்கே கிடங்கு அம்மாள் கம்பளிச் சட்டை போட்டு, காதை மறைத்துத் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, காய்ச்சலா?"

"காய்ச்சலாவது ஒண்ணாவது. ஏசி. பதினாறுல வச்சுட்டான். குறைக்கிற பொத்தான் ஆபீசர் ரூம்ல இருக்கு. நான் போய்க் கேட்டா, மெஷினுக்கு அதான் நல்லதுங்கறான். மெஷினுக்கு நல்லதாம், மனுசி வெறைச்சாப் பரவாயில்லையாம்."

"இந்தப் பக்கத்து ரூம்ல யாரு? கதவுக்கு அடியிலயே இப்படி குளுரு வருதே?"

"அதுவா? கூட்டம் போடுற ரூமு. மாசத்துல ஒருநாள்தான் ஆளுங்க கூட்டம் போடுவாங்க. மத்த நாளெல்லாம் ஏசி தனியாக் கூட்டம் போடும்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கிடங்கு அம்மாள் விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விரலை ஓட்டினாள். பதினொன்றைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. இது பிரசவ வார்டுக்குப் போறது. பச்சைக் கொழந்தைய இதுல போட முடியுமா?"

"நான் வெள்ளையாத்தான் துவைச்சேன்."

"உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? நேத்துத்தான் இப்படி ஆயிருக்கணும். நேத்து என்ன வெயிலு! மூணு மணிக்கு இங்க விளக்கெல்லாம் மங்கிப்போச்சு. ஊரு முழுக்க ஏசி ஓடுதில்ல, கரண்டு தாங்கல. அப்புறம் எங்கேருந்தோ கூடக் குடுத்தாங்க, சரியாயிடுச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் சலவைக்காரிக்கு அந்த ‘எங்கேருந்தோ’ என்கிற வார்த்தை செருப்புக்குள் போன கல்லாக உறுத்தியது. நேற்று மூன்று மணி. அவள் கொடியில் சாம்பல் விழுந்ததும் மூன்று மணிக்குத்தான். லாரிகள் மணி பார்த்தா போகின்றன? அவை காலையிலிருந்தே போகின்றன.

அவள் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் துணிக்குக் குறி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. யார் துணி, எந்தத் தேதி, எத்தனையாவது உருப்படி என்பதை ஓரத்தில் அழியாத மையால் எழுதிவிடுவாள். இருபது வருடத்தில் ஒரு துண்டுகூட ஆள் மாறிப் போனதில்லை. அதே வேலையை இப்போது சாம்பலுக்குச் செய்தாள். கிழிந்த விரிப்பு ஒன்றைக் கைக்குட்டை அளவுக்குத் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டை நனைத்துக் கொடியில் மாட்டுவது, ஒரு மணி நேரம் கழித்து எடுப்பது, தேதியும் மணியும் குறி போடுவது, அடுத்ததை மாட்டுவது. காலை ஆறு முதல் மாலை ஏழு வரை. எதிர்வீட்டு அக்காகூடக் கேலி செய்தாள்.

"என்னடி, பொம்மைக்குச் சட்டை துவைச்சுக் காயப்போடுறியா?"

"ஆமாக்கா. பொம்மை பெரிய எடத்துப் பொம்மை. தெனம் பதிமூணு சட்டை மாத்துது."

மூன்று வாரம் ஆனது. ஒரு காலை, பாப்பா பள்ளிக்கூடம் போனபிறகு, இஸ்திரி மேசை மேல் துண்டுகளை நாள்வாரியாகப் பரப்பினாள். காலைத் துண்டுகள் வெள்ளை. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணித் துண்டுகளும் வெள்ளை. மேகம் மூடி மழை தூறிய நாலு நாட்களில் எல்லாமே வெள்ளை. வெயில் கொளுத்திய நாட்களில் மட்டும் மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ள துண்டுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் கணக்கு. அவள் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ, பின்னால் பெட்டிக்காரர் ஊறப்போட்ட துணியோடு வந்து நின்றார்.

அவருக்குப் பிற்பகல் ஷிப்ட், இரண்டிலிருந்து பத்து. மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை மாறும். அவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நிரந்தரமாக அதிலேயே இருந்தார். காலையில் பெண்டாட்டிக்குத் துணி அலசிக் கொடுக்கலாம், பாப்பாவைப் பள்ளியில் விடலாம் என்பதற்காக. நல்ல மனுஷன்தான். கோபித்துக்கொள்ளத் தெரியாது, குரல் உயர்த்தத் தெரியாது. பிளாண்ட்டு மேனேஜருக்கும் அந்த ஷிப்டில் அப்படி ஒரு வாயில்லாப் பூச்சிதான் தேவைப்பட்டது என்பது போகப்போகத் தெரிந்தது.

துண்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. இது என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னங்க இது?" என்றாள்.

"காத்துதான்... திசை..."

"காத்து ஆறு மணிக்கும் இந்தப் பக்கந்தான் அடிக்குது. மூணு மணிக்கு மட்டும் எப்படி வருது? சொல்லுங்க."

அவர் துணி வாளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பெட்டியில ஆறு அறை இருக்கு. ஒவ்வொண்ணும் கரண்டு திங்கும். வெயில் காலத்துல நகரத்துல எல்லாரும் ஒரே நேரத்துல ஏசிய போட்டுடறாங்க. கரண்டு பத்தாது. அப்போ மேனேஜர்கிட்டேருந்து போன் வரும். ரெண்டு அறைய நிறுத்து, அந்தக் கரண்டும் லைன்ல போகட்டும்னு."

"நிறுத்துனா?"

"அந்த ரெண்டு அறை பிடிக்க வேண்டியது பிடிக்காது. மேல போயிடும்."

"மேல போயி?"

அவர் குனிந்து வாளியைச் சுவரோரமாக நகர்த்தினார்.

"மேல போயி எங்க போகும்? சொல்லுங்கறேன்ல! யார் வீட்டுக்குப் போகும்?"

"எழுத்துல எதுவும் வராது. பதிவேட்டுல ‘பராமரிப்பு’ன்னு எழுதணும். அப்படி எழுதிட்டா புகைபோக்கி மேல இருக்கற கருவி அந்த நேரத்தைக் கணக்குல சேர்க்காது. எல்லா வருசமும் நடக்கறதுதான். நான் மாட்டேன்னா இன்னொருத்தனை உக்கார வைப்பாங்க."

"இன்னொருத்தன் செஞ்சா அவனைக் கேப்பேன். நீ செஞ்சிருக்க, உன்னைக் கேக்கறேன்." குரல் உடைந்து எகிறியது. "ரெண்டு வருசமா லாரிக்காரனை ஏச வச்சியே என்னை! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேட்டிருக்கேன், நீ பிளாண்ட்டையே மறைச்சிருக்க. ஆளில்லாத ரூமு அங்க குளுந்து கெடக்குது. நான் கண்ணால பாத்தேன். கம்பளி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா ஒருத்தி! அதுக்கு உன் பொண்ணு மூச்சை எடுத்துக் குடுத்தியா நீ?"

"எனக்கு... அந்த நேரத்துல பாப்பா எப்படி இருப்பான்னு நான் பாத்ததில்லம்மா. பத்தரைக்கு வருவேன். அவ நல்லாத் தூங்கிட்டிருப்பா."

அது உண்மைதான். அந்த உண்மை அவள் ஆத்திரத்தை இன்னும் கிளறியது. அவள் துண்டுகளை அடுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

"வியாழக்கிழமை மாசுத் துறைக்காரங்க குறை கேக்க வர்றாங்க. கொண்டுபோயி வைக்கப்போறேன்."

"வச்சா என் தலைதான் உருளும். மூணு மணிக்கு உக்காந்திருந்தது நான்."

"அப்போ நீயே எழுந்து சொல்லிடு, போன்ல யாரு சொன்னாங்கன்னு. தலையும் தப்பும், புள்ளையும் தப்பும்."

அவர் தலையாட்டினார். ஆட்டியது ஆமாம் என்றா, பார்க்கலாம் என்றா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேசைக்குப் பின்னால் மாசுத் துறை அதிகாரி, பக்கத்தில் பிளாண்ட்டு மேனேஜர். மேனேஜர் அதட்டிப் பேசாத ஆள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஊர்க்காரர்கள் வழக்கம்போல இருமல், கண் எரிச்சல், சோற்றில் விழுகிற தூசி என்று சொல்ல, அதிகாரி வழக்கம்போலக் கருவியின் கணக்கைப் படித்தார். எல்லாம் அளவுக்குள் இருந்தது. அப்போது சலவைக்காரி எழுந்துபோய் மேசைமேல் துண்டுகளைப் பரப்பினாள். மேசை போதவில்லை. தரையிலும் பரப்பினாள்.

"சார், உங்க கருவி தூங்கிட்டு இருந்தப்போ இது முழிச்சிட்டிருந்துச்சு. மணி போட்டிருக்கேன், பாருங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். ஒன்றிரண்டை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மேனேஜரோ அசரவே இல்லை. துண்டுகளைப் பார்த்தார், பையிலிருந்து ஷிப்ட் பட்டியலை எடுத்து ஒப்பிட்டார், வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"இந்தம்மாவுக்கு நாம நன்றி சொல்லணும். மூணுலேருந்து அஞ்சு வரை. எல்லா நாளும் ஒரே ஷிப்ட். ஒரே ஆபரேட்டர். பெட்டியைக் கவனிக்காம விட்டிருக்கார். நிர்வாகம் இதைச் சும்மா விடாது."

பின்வரிசையில் யாரோ "அது பெட்டிக்காரர்தானே?" என்றார்கள். தலைகள் திரும்பின. எதிர்வீட்டு அக்கா சலவைக்காரியைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை.

"அவரையே கேளுங்க," என்றாள் சலவைக்காரி. "யாரு நிறுத்தச் சொன்னாங்கன்னு அவரே சொல்லுவாரு. எழுந்திருங்க."

பெட்டிக்காரர் எழுந்தார். வேர்த்து ஊற்றியது. மேனேஜரைப் பார்த்தார், தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

"நான்தான் நிறுத்தினேன்," என்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். போன் என்று ஒரு சொல் வரவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கேயே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வரும்போது டீக்கடைக்காரர் காறித் துப்பினார். "தொண்ணூத்தொம்பது பிடிக்குமாம்ல, தொண்ணூத்தொம்பது!" வீட்டுக்கு வந்ததும் விஷயம் வெளியே வந்தது. அன்று காலையே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பி, பழியை ஏற்றுக்கொண்டால் ஆறு மாதம் கழித்து ஸ்டோரில் வேலை தருவதாகவும், இல்லாவிட்டால் ஒன்றுமே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். சலவைக்காரி அன்று அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்குக்கூட எதிரே ஓர் ஆள் வேண்டுமே. மூன்று நாள் அவர் பக்கமே திரும்பவில்லை. தட்டில் சோறும் பருப்பும் மட்டும் இருக்கும்.

நாலாம் நாள் வெயில் அதுவரை பார்க்காத வெயில். அலசிய துணி கொடிக்குப் போகும்முன் காய்ந்தது. பாப்பாவுக்கு அரைநாள் பள்ளி. ஒரு மணிக்கே வந்து அப்பாவோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டரைக்கு மின்விசிறி நின்றது. நகரத்துக்குப் பத்தவில்லையென்றால் முதலில் வெட்டுவது குடியிருப்பின் மின்சாரத்தைத்தான். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று அடிக்கச் சற்று முன் சன்னல் வழியே வெளிச்சம் மங்கியது. பெட்டிக்காரர் எழுந்துபோய்ப் புகைபோக்கியைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் பார்த்த கண்.

"ரெண்டு இல்ல," என்றார். "மூணு அறைய நிறுத்தியிருக்கானுங்க. நான் இல்லாதப்போ மூணு!"

திரும்பினால் பாப்பா தாயக்கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் கைகளை ஊன்றியிருந்தாள். கழுத்துக்கும் மார்பெலும்புக்கும் நடுவில் குழி விழுந்து விழுந்து எழுந்தது. அவளுக்கு அப்பாவிடம் ஏதோ சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு மூச்சுப் போதவில்லை. அவர் யானையை எடுத்துச் சுவரில் மாட்டினார். பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

"கரண்டு இல்லய்யா!" என்று மாடிப்படியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள் சலவைக்காரி. "எத்தனை தடவ அமுக்கினாலும் வராது! இப்படித்தான் இருப்பா. பாரு. நல்லாப் பாரு. தெனம் மூணு மணிக்கு இப்படித்தான் இருப்பா உன் பொண்ணு!"

"கரண்டு இல்லன்னா என்ன பண்ணுவ?"

"விசிறி விடுவேன். முதுகைத் தடவுவேன். வேற என்னத்தைப் பண்ணுவேன்?"

பாப்பாவின் உதடு நீலம் பூத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். டாக்டர் இருக்கும் இடம் நாலு மைல். அரை மைலில் இருப்பது பிளாண்ட்டு. அங்கே மின்சாரம் நிற்காது. அவர் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சலவைக்காரி மிஷினையும் மருந்தையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினாள். செருப்பு போட இருவருக்கும் நேரமில்லை. தார்ச்சாலை அவள் உள்ளங்காலைச் சுட்டது.

கேட்டில் காவல்காரர் கையை நீட்டி மறித்தார். "அண்ணே, உங்களை விடக்கூடாதுன்னு உத்தரவு. எனக்கும் பிள்ளைகுட்டி..." அவர் பார்வை பாப்பாவின் வாய்மீது விழுந்தது. மீதியைச் சொல்லாமல் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். "முதலுதவி ரூமுக்குப் போங்க, சீக்கிரம்!"

முதலுதவி அறை பூட்டிக்கிடந்தது. அதற்கு அடுத்த கட்டிடம் பெட்டியின் பேனல் அறை. பெட்டிக்காரர் கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

உள்ளே சில்லென்று இருந்தது. காலை ஷிப்டுக்காரரை இழுத்துப்பிடித்துப் பிற்பகலில் போட்டிருந்தார்கள். ஓய்வுபெற நாலு மாதமே இருந்த மனிதர். அவர் பதறி எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பாப்பாவை அதில் உட்கார வைத்து மிஷினைச் செருகினார்கள். பொத்தானை அமுக்கியதும் அது உறுமியது. வெள்ளைப் பனி முகமூடிக்குள் நிறைந்தது. ஐந்து நிமிடம் போனது. கழுத்துக் குழி ஆழம் குறைந்து, உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

"குளுருதும்மா," என்றாள் பாப்பா முகமூடிக்குள்ளிருந்து.

சலவைக்காரி முந்தானையால் அவளைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தாள். எதிரே பேனலில் ஆறு விளக்குகள். மூன்று எரிந்தன, மூன்று அணைந்திருந்தன.

"இதானா?"

"இதான்," என்றார் பெட்டிக்காரர்.

"வேணாம் தங்கச்சி," என்று காலை ஷிப்டுக்காரர் குறுக்கே வந்தார். "இப்பத்தான் போன் பண்ணி நிறுத்தச் சொன்னாரு. போட்டா என் பென்ஷன்ல கை வைப்பாங்க."

"அண்ணே, அன்னிக்கு என்னைக் காட்டிக்குடுத்துட்டு மேல இருக்கவன் தப்பிச்சான். நாளைக்கு உங்களைக் காட்டுவான். என்னைப் பாத்துமா உங்களுக்குப் புரியல?" பெட்டிக்காரரின் குரல் அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காத குரலாக இருந்தது. "தள்ளிக்கங்க."

காலை ஷிப்டுக்காரர் பாப்பாவைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

பெட்டிக்காரர் பொத்தான்களைக் காட்டினார். அழுத்தியது சலவைக்காரி. ஒன்று, இரண்டு, மூன்று. சோடாவில் வெந்து தோல் உரிந்த விரல் ஒவ்வொரு தடவையும் நிதானமாக அழுத்தி எடுத்தது. விளக்குகள் எரிந்தன. சுவருக்கு அப்பால் பெட்டி கனமாக முனகத் தொடங்கியது. பேனலுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நகரத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்கிற கணக்கு. இருநூற்றுப் பத்து புள்ளி நாலு மெகாவாட் என்றிருந்தது. மூன்று அறையும் ஓட ஆரம்பித்ததும் அது குறைந்தது. இருநூற்றுப் பத்தில் வந்து நின்றுவிட்டது.

அவள் இன்னும் குறையும் என்று காத்திருந்தாள். குறையவில்லை.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"இந்தப் புள்ளி நாலுக்கா? இதுக்கா ரெண்டு வருசமா எம்புள்ளைய..." ஆயிரம் குளிரறைகளில் அறைக்கு ஒருவன் எழுந்து ஏசியைக் கொஞ்சம் குறைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் அளவு அது. யாரும் எழவில்லை. யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது.

பெட்டிக்காரர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். ‘பராமரிப்பு’ என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே மணியை எழுதி, போனில் நிறுத்தச் சொன்னவர் என்று எழுதி, மேனேஜரின் பெயரில் முதல் எழுத்தைப் போடும்போது மேசைமேல் போன் அடித்தது.

அவர் கை அப்படியே நின்றது. பன்னிரண்டு வருடப் பழக்கம். மணியடித்தால் அந்தக் கை தானாகப் போகும். சலவைக்காரி அதற்கு முன்னால் கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

"நீங்க எழுதுங்க," என்றாள். "நான் பேசிக்கிறேன்."